ஒருவர் பேசி முடித்த கடைக்கு மற்றவர் விலை கேட்கலாமா?

நம் வியாபாரச் சகோதரர்களில் பலர் இருபது முப்பது வருஷமாக வாடகைக் கடையிலேயே தொழில் நடத்தி வருகிறார்கள். 1948 ஜனவரிக்குள் கட்டி முடிந்த பழைய கட்டடங்களுக்கு 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு காலத்தில் காவலாக இருந்தது. அச்சட்டம் 1997ல் ரத்தாகி, 1999 இறுதியோடு அந்தக் காவலும் நீங்கிவிட்டது. ஆகவே சொந்தத்தில் ஒரு கடைவீடு வேண்டும் என்று நினைப்பதை வெறும் ஆசை என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் முதல் கடை வாங்கப் புறப்படுகிறவர், தாம் ஒருவர் மட்டும் வரிசையில் நிற்கவில்லை என்பதை வெகு சீக்கிரம் தெரிந்துகொள்வார். பிரிக்பீல்ட்ஸில் பழைய ரயில்வே நிலத்தில் 2001ல் சென்ட்ரல் நிலையம் வந்தது. 2010ல் அங்குள்ள கடைத்தெரு லிட்டில் இந்தியா ஆயிற்று. அங்கேயோ, மஸ்ஜித் இந்தியா சாலையிலோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ ஒரு நல்ல கடை விலைக்கு வந்தால் கேட்கப் பலர் இருக்கிறார்கள். இந்தப் போட்டியில்தான் நாம் சிந்திக்க வேண்டிய ஒரு கேள்வி பிறக்கிறது.

ஒருவர் விலை பேசி முடித்துவிட்டார். கடையின் சொந்தக்காரரும் சம்மதித்து, நூற்றுக்கு இரண்டோ மூன்றோ அச்சாரம் வாங்கிக்கொண்டார். பத்து சதவீதம் ஆகும்படி மீதியைக் கட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சுமார் இரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியில் தரகர் நம்மிடம் வந்து, "இன்னும் 20,000 வெள்ளி கூட்டிக் கொடுங்கள், அந்த அச்சாரத்தைத் திருப்பிவிடலாம்" என்கிறார். நாம் கொடுக்கலாமா?

ஒரு சகோதரர் செய்துகொண்ட வியாபாரத்தின் மேல் மற்றவர் புகுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுவதற்காகவே கேட்பதையும் தடுத்திருக்கிறார்கள். ஏலத்தையோ மார்க்கம் அனுமதிக்கிறது. ஏலத்தில் யாருக்கும் இன்னும் வாக்குக் கொடுக்கப்படவில்லை. எல்லாரும் அறியக் கேட்கிறார்கள். ஆகவே போட்டி போடுவது குற்றமன்று. வாக்குக் கொடுத்த பின்பு நுழைவதுதான் குற்றம்.

"கையெழுத்து ஆகவில்லையே" என்பார் சிலர். நம் கடையில் ஒருவர் முன்பணம் கொடுத்து, "நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போன துணிக்கட்டை இரண்டு வெள்ளி லாபத்துக்காக வேறொருவருக்கு விற்போமா? அங்கே எந்தக் கையெழுத்து இருக்கிறது?

"நான் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்கத்தான் போகிறார்" என்பார் வேறு சிலர். கல்லாவில் பணம் குறைந்ததற்குக் கடைப் பையன் இந்தச் சமாதானத்தைச் சொன்னால் நாம் ஏற்றுக்கொள்வோமா?

மூன்றாவது வாதம் சற்றுக் கனமானது. "விற்பவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு. முதலாமவர் அடிமாட்டு விலைக்குப் பேசியிருந்தால் அவர் நஷ்டப்பட வேண்டுமா?" நியாயமான கேள்விதான். அப்படியானால் விற்பவரே முதலாமவரிடம் மனம் விட்டுப் பேசி, அவர் சம்மதத்தோடு விலகட்டும். முதலாமவர் தவணைக்குள் பணம் கட்டத் தவறினாலும் பேச்சு முறிந்தது. அதன்பின் நாம் கேட்பதில் குறையில்லை. ஆனால் கூடுதல் பணத்தைக் காட்டி வாக்கை முறிக்க வைத்துவிட்டு, விற்பவருக்கு நன்மை செய்தோம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. நமக்காக இன்று வாக்கு மாறியவர், 30,000 கூட்டித் தருகிறவருக்காக நாளை நம்மிடமும் மாறுவார்.

வாங்க வருகிறவர்களில் சிலருக்கு முன்னுரிமை உண்டு என்பதையும் நம் பிக்ஹு காட்டுகிறது. ஷுப்ஆ என்னும் உரிமை ஷாபி மத்ஹபில் பங்காளிக்கு மட்டும். ஹனபி மத்ஹபில் பக்கத்துக்காரருக்கும் உண்டு. இந்நாட்டுச் சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தாவிட்டாலும், ஒரே பட்டாவில் பெயருள்ள பங்காளியை முதலில் கேட்பது நம் மரபுக்கு அழகு.

அப்படியென்றால் புதிதாக வருகிறவர் எப்படித்தான் ஜெயிப்பது? முந்திக்கொண்டுதான். விலைக்கு வருமுன்பே தெருவை நடந்து பார்த்து வைக்க வேண்டும். நில அலுவலகத்தில் பட்டா யார் பேரில் இருக்கிறது, அடமானம் உண்டா என்று தேடிப் பார்க்க வேண்டும். வட்டிக்கு அஞ்சுகிறவர்களுக்கு 1983 முதல் இந்நாட்டில் இஸ்லாமிய வங்கி உண்டு. எவ்வளவு கிடைக்கும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். 800,000 வெள்ளிக் கடைக்குப் பத்து சதவீதம் 80,000. அதோடு குடிமக்களுக்குப் பெயர் மாற்ற முத்திரைத் தீர்வையே 18,000. இதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர், பணம் தேடி அலைகிறவரை நேர்மையாகவே முந்திவிடுவார். வாங்கி உடனே விற்று லாபம் பார்க்க நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குடிமக்களுக்கும்கூட மூன்று வருஷத்துக்குள் விற்றால் லாபத்தில் நூற்றுக்கு 30 வரி, ஆறாம் வருஷம் முதல்தான் வரியில்லை.

கடை கைவிட்டுப் போனால் வேறு கடை வரும். அதே தெருவில், அதே ஜமாஅத்தில், முதலாமவர் முகத்தில் நாம் தினமும் விழிக்க வேண்டும். ஆகவே, சகோதரர்களே, தரகர் வந்தால் விலையைக் கேட்குமுன், "வேறு யாரிடமாவது அச்சாரம் வாங்கியாகிவிட்டதா?" என்று முதலில் கேளுங்கள்.