காயத்தின் அளவு

வயோதிகத்தில் கல்லீரலில் புற்று கண்டால் 'இனி எதற்கு' என்று விட்டுவிடுவது முன்பு கருணையாகவே கருதப்பட்டது. விலா எலும்போரமாக வயிற்றை அகலத் திறந்தாக வேண்டும். அந்தக் காயத்தை முதிய உடம்பு தாங்காது. மறுப்பதற்கு ஸ்தூலமான காரணம் ஒன்று இருந்தது.

இன்று நான்கைந்து துளைகள் போதும். கரியமில வாயுவால் வயிற்றை உப்பவைத்து, காமிரா காட்டும் வழியில் ஈரலின் ஒரு பகுதியை வெட்டிப் பையிலிட்டு எடுத்துவிடலாம். ரத்தச் சேதம் குறைவு, வலி குறைவு. முதியவர் சீக்கிரம் எழுந்து நடக்கிறார். இந்த லாபத்தை நான் மறுக்கவில்லை. வயதை மட்டும் காட்டி ஒருவரைக் கைவிடுவது இனி நியாயமாகாது.

என் சந்தேகம் வேறு. துளை சிறிதானதும் கேள்வியும் சிறிதாகிவிட்டதாக ஒரு மயக்கம் உண்டாகிறது. சுருங்கியிருப்பது வயிற்றுச் சுவரின் காயம்தான். உள்ளே ஈரல் இழப்பது அதே அளவு. ஆரோக்கியமான ஈரலில் ஏறத்தாழ 30 சதவிகிதம் மிஞ்சினாலும் வளர்ந்து ஈடுகட்டிவிடும். இறுகிப்போன ஈரலுக்கு 40 சதவிகிதமாவது வேண்டும். துளையின் அளவு இந்தக் கணக்கை மாற்றுவதில்லை.

ஜப்பானில் 2010இல் இம்முறையின் எளிய வகைகள் பொதுக் காப்பீட்டுக்குள் வந்தன. குன்மா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் இவ்வகை ஈரல் அறுவைக்குப் பின் 8 பேர் இறந்தது 2014இல் வெளியே தெரிந்தது. விசாரித்தவர்கள் கண்ட குறைகளில் ஒன்று, நோயாளிகளுக்குப் போதிய விளக்கம் தரப்படவில்லை என்பது. கருவியை இதற்குக் குற்றம் சொல்ல முடியாது. சம்மதம் என்பது கையெழுத்தாகச் சுருங்கிவிட்டதுதான் குற்றம்.

நம் வீடுகளில் அந்தக் கையெழுத்தும் பெரும்பாலும் மகனுடையது. ஊசியைச் செலுத்திக் கட்டியைச் சுட்டுவிடும் வழி இருக்கிறது, ஒன்றும் செய்யாமலிருக்கும் வழியும் இருக்கிறது என்பது பெரியவர் காதுக்கு எட்டுவதில்லை. 'சின்னத் துளைதானேப்பா' என்பதோடு பேச்சு முடிகிறது. பெரிய காயத்தின் முன் 'வேண்டாம்' என்றவர் விவேகி. சிறிய துளையின் முன் அதையே சொல்பவர் பிடிவாதக்காரர்.

மறுப்பதற்கான காரணத்தை முன்பு உடம்பே தந்துவிட்டது. இப்போது அதை அவர் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏற்பதற்கும் அப்படித்தான். மிஞ்சிய நாட்கள் தனக்கு எதற்கு என்று அவர் பேசத் தொடங்கினால், உட்கார்ந்து கேட்க நமக்குப் பொறுமை இருக்கிறதா? அந்த அரைமணி நேரத்தைச் சுருக்க எந்தக் கருவியும் உதவாது.