குழாயில் தண்ணீர் வருகிறதா?

இயக்குநர் குழுவில் இருந்துகொண்டு பெருநிறுவனச் சமூகப் பொறுப்புத் (சி.எஸ்.ஆர்.) திட்டங்களுக்கு ஒப்புதல் தருகிறவர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்ல வேண்டும். நிதியாண்டு முடியும் மார்ச் 31 நெருங்கியதும், எங்கே போட்டாலும் சரி, தொகை தீர்ந்தால் போதும் என்று அவசரமாகப் பணத்தைத் தள்ளிவிடும் பழக்கத்தை இந்த ஆண்டே விட்டுவிடுங்கள்.

கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. இவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். செலவிடாவிட்டால் காரணம் சொன்னால் போதும் என்றுதான் முதலில் இருந்தது. 2021 ஜனவரியில் அந்த வழி அடைக்கப்பட்டது. இப்போது, செலவாகாத பணத்தைச் சட்டம் குறிப்பிடும் நிதியிலோ தனிக் கணக்கிலோ செலுத்தியாக வேண்டும், தவறினால் அபராதம். நல்ல மாற்றம். தருமம் தானாக வர வேண்டும், சட்டம் போட்டு வாங்கக் கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஊரின் நீரும் நிலமும் சாலையும் உழைப்பும் சேர்ந்து தந்த லாபத்தில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் திருப்பித் தருவது தருமமே அல்ல, கடன்.

ஆனால், சட்டத்தால் பணத்தைத்தான் வெளியே எடுக்க முடியும். அக்கறையை நீங்கள்தான் தர வேண்டும். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கழிப்பறைகளைக் கட்டின. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் ஆட்கள் அவற்றில் சிலவற்றை 15 மாநிலங்களில் நேரில் போய்ப் பார்த்தார்கள். கட்டியதாகக் கணக்கில் காட்டிய 200 கழிப்பறைகள் அந்த இடத்திலேயே இல்லை. 86 அரைகுறையாக நின்றன. கட்டி முடித்திருந்த 2,326-இல் 1,679-க்குள் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் வராத கழிப்பறையைக் கட்டி யாருக்கு என்ன பயன்? வயதுக்கு வந்த பெண் பிள்ளை மாதத்தில் சில நாள் பள்ளிக்கு வராமல் இருந்துவிடுவாள். ஆண்டறிக்கையிலோ அந்தக் கட்டடம் சிரித்துக்கொண்டிருக்கும்.

பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லாதீர்கள். தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகள் வரை ஒரு திட்டத்தைத் தொடர விதி அனுமதிக்கிறது. மோட்டார் பழுது பார்ப்பதற்கும் துப்புரவுத் தொழிலாளியின் சம்பளத்துக்கும் முதல் நாளே பணம் ஒதுக்குங்கள். கல்வெட்டில் பெயர் பொறிக்க முடியாத செலவு இது. அதனாலேயே எல்லோரும் இதைத் தவிர்க்கிறார்கள்.

லாபத்தில் நூற்றுக்கு இரண்டு போக மீதி 98 ரூபாய் எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிந்து எண்ணூர் மீனவர்களின் பிழைப்பு என்ன ஆயிற்று என்று ஊரறியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படகிலும் வலையிலும் அப்பியது. அந்த வீடுகளுக்குத் தையல் இயந்திரம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டால் ஆறு திரும்பி வராது. கழிவைச் சுத்திகரிப்பதும், ஒப்பந்தத் தொழிலாளிக்கு உரிய கூலியும் வைப்பு நிதியும் கொடுப்பதும் முதல் கடமை. அவற்றில் மிச்சம் பிடித்து இரண்டு சதவீதத்தில் புண்ணியம் தேடாதீர்கள்.

ஆலையைச் சுற்றியுள்ள பகுதிக்கு முன்னுரிமை தரும்படி சட்டம் சொல்கிறது. அந்த ஊர் மக்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டீர்களா? கிராமசபை கூடும் நாளில் போய் உட்காருங்கள். ஆலோசகர் தயாரித்துத் தரும் படக்காட்சியில் வராத தேவைகளை அங்கே சொல்வார்கள்.

இந்த மாதமே, சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் நிறுவனம் பணம் கொடுத்த பள்ளி ஒன்றுக்கு மாலை மரியாதை எதுவும் இல்லாமல் போங்கள். குழாயை நீங்களே திறந்து பாருங்கள். தண்ணீர் வரவில்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். புதுக் கட்டடம் பிறகு கட்டலாம்.