சடப்பொருட் பாடமும் ஆசிரியர் அறமும்

சடப்பொருளின் இயல்புகளையும் மாற்றங்களையும் கற்பித்தல் விஞ்ஞான ஆசிரியருக்கு மட்டுமே உரிய பணியெனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின் அப்பாடத்தினுள் அறவியல் வினாவொன்றும் அடங்கியுள்ளது. இளம் மாணவருக்கு முழு உண்மையையும் ஒருங்கே உரைத்தல் இயலாது. அவ்வாறாயின், எளிமைப்படுத்திக் கூறுதல் பொய் கூறுதலாகுமா?

கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் ஆலயம் உள்ளது. அங்கு கற்பூர தீபத்தைத் தரிசிக்கும் சிறுவன், கற்பூரம் எச்சமின்றி அழிந்ததாகவே எண்ணுவான். ஆன்மா இறைவனுடன் ஒன்றுதற்கு அதனை உவமையாகக் கூறக் கேட்டுமிருப்பான். வகுப்பறையிலோ, பொருள் அழிவதில்லை என ஆசிரியர் போதிக்கின்றார். 152 கிராம் கற்பூரம் முற்றாக எரியுமாயின், 432 கிராம் ஒட்சிசனுடன் சேர்ந்து 440 கிராம் காபனீரொட்சைட்டையும் 144 கிராம் நீரையும் தரும். எரியுமுன்னும் எரிந்தபின்னும் மொத்தம் 584 கிராமே. பிரெஞ்சு அறிஞர் இலவோசியர் 1789 இல் வெளியிட்ட தமது இரசாயன நூலில் இவ்விதியை வகுத்துரைத்தார். காரணத்தில் இல்லாதது காரியத்தில் தோன்றாது எனும் சற்காரியவாதத்தை ஏற்ற சைவசித்தாந்த மரபில் வளர்ந்த மாணவனுக்கு இவ்விதி வியப்பளிக்காது.

எனினும் இவ்விதியும் முழு உண்மையன்று. திணிவும் சக்தியும் ஒன்றற்கொன்று சமமானவை என 1905 இல் ஐன்ஸ்ரைன் காட்டினார். கற்பூரம் வெளிவிடும் வெப்பத்திற்கும் ஒளிக்கும் ஈடாக நுண்ணிய அளவு திணிவு குறைகின்றது. அக்குறைவைப் பாடசாலைத் தராசு காட்டாது. ஆதலின், தராசு அளக்கும் எல்லைக்குள் ஆசிரியர் கூறியது மெய்யே.

வேறொரு சான்றினை நோக்குக. வெள்ளவத்தைக் கரையில் அள்ளிய கடல்நீரை ஆவியாக்கின் உப்பு மீளக் கிடைக்கும். ஆதலின் உப்புக் கரைதலைப் பௌதிக மாற்றமெனக் கற்பிப்பது வழக்கம். ஆயின் கரையும்போது, பளிங்கிற் பிணைந்திருந்த சோடியம், குளோரைட்டு அயன்கள் பிரிந்து நீர் மூலக்கூறுகளாற் சூழப்படுகின்றன. இதனை இரசாயன மாற்றமென வாதிடுவோரும் உளர். "பிணைப்பு அறுந்ததன்றோ?" என மாணவன் வினவும்போது, "பரீட்சையில் அவ்வாறு எழுதாதே" என்பது மட்டுமே விடையாயின், அங்கே அறம் வழுவுகின்றது. புள்ளி பெற்றுத்தருவதே உண்மை என்னும் பாடத்தையே அம்மாணவன் கற்றுச்செல்கின்றான்.

பாடத்திட்டம் நீண்டது, காலம் குறுகியது, விதிவிலக்குகள் இளம் உள்ளத்தைக் குழப்பும் என ஆசிரியர் பக்கத்து நியாயமும் உண்டு. அது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் ஒன்பதாம் வகுப்பிற் சார்புக் கொள்கையைப் போதிக்குமாறு எவரும் கோரவில்லை. "இவ்வெல்லைக்குள் இது பொருந்தும், அப்பால் மேலும் உண்டு" என்னும் ஒரு வாக்கியமே போதும். அதற்கு வேண்டிய காலம் ஒரு நிமிடமே. வேண்டிய நேர்மையோ பெரிது.

ஆகவே எளிமைப்படுத்தல் தன்னளவிற் குற்றமன்று. மாணவன் சோதித்தறியக்கூடிய எல்லைக்குள் அது மெய்யாயிருத்தல் வேண்டும், அவ்வெல்லை மறைக்கப்படலாகாது, எல்லையைக் கடந்து எழும் வினா தண்டிக்கப்படலாகாது. இம்மூன்றும் அமையின் முழுமையற்ற கூற்றும் வாய்மையின் பாற்படும். இவை தவறின், சொல்லுக்குச் சொல் சரியான வரைவிலக்கணமும் மாணவனை ஏமாற்றியதாகவே முடியும்.