அந்நியருக்கு விதித்த வீட்டுக்காவல்

இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், ஏப்ரல் 20-ஆம் தேதி நெருங்கும்போதெல்லாம், மாஸ்கோவில் பயின்றுவந்த ஆப்பிரிக்க, ஆசிய மாணவர்களின் விடுதிகளில், சில தினங்களுக்கு வெளியே செல்லாதிருப்பதே க்ஷேமம் என்ற எச்சரிக்கையை விடுதித் தலைவர்கள் ஒட்டுவது வழக்கமாகிவிட்டிருந்தது. அது ஹிட்லரின் பிறந்தநாள்; தலையை மழித்த இளைஞர் கூட்டத்தார் தெருவில் அகப்பட்ட வேற்றினத்தாரைத் தாக்கி அந்நாளைக் கொண்டாடினார்கள். எந்த ஹிட்லரின் சேனை லெனின்கிராட் நகரை (இன்றைய செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்) 872 நாட்கள் முற்றுகையிட்டு லட்சக்கணக்கான ஜனங்களைப் பட்டினியால் மாய்த்ததோ, அவனுடைய கொள்கையின் பேரால் அந்நகரத்துப் பேரப்பிள்ளைகளிலேயே சிலர் கத்தி எடுத்தார்கள் என்பதை நினைக்கையில் நெஞ்சு பதறுகிறது.

விடுதித் தலைவர் செய்தது தவறா? பெற்றோர் நம்பி அனுப்பிய பிள்ளைகளின் பிராணனுக்குப் பொறுப்பேற்றவர், அபாயம் இன்னதென்று அறிந்தும் வாய்மூடியிருப்பாராயின் அதுவே பெரும் பாபம். ஆனால் அவருடைய கடமை வேறு, நகரத்தை ஆள்வோரின் கடமை வேறு. அடிப்பவனைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்த வேண்டிய அரசு, அடிபடுகிறவனை அறைக்குள் இருத்திவிட்டு அதையே அமைதி என்று கணக்கில் எழுதிக்கொள்ளுமானால், குற்றத்தின் பாரம் முழுவதும் குற்றமற்றவன் தலையிலேயே ஏறுகிறது. முதல் வருஷம் ஒட்டிய எச்சரிக்கையைக் கருணை என்று கொள்ளலாம். அதையே வருஷந்தோறும் ஒட்ட நேர்ந்தால், விடுதித் தலைவரைக் குறை சொல்லுவதற்கில்லை, நகர நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும்.

வெளியே வந்தவன் கதியும் மேலானதன்று. மாஸ்கோ மெட்ரோவின் நகரும் படிக்கட்டில் ஏறி வருகிற நூற்றுக்கணக்கானவர்களுள் ஒருவனை மட்டும் போலீஸ்காரர் விரலசைத்து ஓரத்துக்கு அழைத்து, பாஸ்போர்ட்டையும் வசிப்பிடப் பதிவுச் சீட்டையும் புரட்டிக்கொண்டு நிற்கையில், கூட்டம் இருபுறமும் ஒதுங்கி, முகம் பாராமல் போய்விடுகிறது. 2005-இல் அந்நிலையங்களில் நடந்த ஆய்வு ஒன்றில், ஸ்லாவியத் தோற்றம் இல்லாதவர்கள் பிரயாணிகளில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லாதிருந்தும், நிறுத்தப்பட்டவர்களில் பாதிக்கு மேல் அவர்களே என்று தெரிந்தது, மற்றவர்களைவிட 21.8 மடங்கு அதிகமாக அவர்கள் நிறுத்தப்பட்டார்கள். அவர்களுள் ரஷ்யாவுக்கே உட்பட்ட தாகெஸ்தானத்திலும் புரியாத்தியாவிலும் பிறந்து, அதே ரஷ்யப் பாஸ்போர்ட்டை வைத்திருக்கும் பிரஜைகளும் உண்டு. ‘ஸ்லாவியருக்கு மட்டும்’ என்னும் வாடகை வீட்டு விளம்பரமும் அவர்களை விலக்கியே வைக்கிறது.

அந்நியரைக் கண்டு ஜனங்கள் கொள்ளும் அச்சம் பொய்யல்ல என்று சொல்லுவோர் உண்டு. அவர்கள் சொல்வதை அலட்சியம் செய்ய முடியாது. 2024 மார்ச் 22 அன்று மாஸ்கோவை அடுத்த குரோக்கஸ் இசை அரங்கில் நடந்த தாக்குதலில் 140-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கொலையாளிகள் என்று பிடிக்கப்பட்ட நால்வரும் தாஜிக் நாட்டார். அந்த நால்வர் செய்த கொடுமைக்கு, மாஸ்கோவில் பனி வாரியும் கட்டடம் எழுப்பியும் பிழைக்கும் தாஜிக் தொழிலாளர் அத்தனை பேரும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அவசியமின்றி ரஷ்யாவுக்குப் போகவேண்டாம் என்று தாஜிகிஸ்தானமே தன் ஜனங்களுக்குச் சொல்ல நேர்ந்தது. ஒருவனை நிறுத்தி விசாரிக்க அவன் செய்கை காரணமாகலாம். அவன் முகம் காரணமாகலாகாது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில், மேற்கிலிருந்து வந்த அகதிகளுக்கு மத்திய ஆசியாவிலுள்ள தாஷ்கண்ட் நகரம் அபயம் தந்தது. அங்கே ஷாமஹ்மூதோவ் என்னும் கொல்லரும் அவர் மனைவியும் பல இனத்து அநாதைக் குழந்தைகள் பதினைந்து பேரை எடுத்து வளர்த்தார்கள். இந்த நன்றியை ரஷ்யர் மறக்கலாமா என்று கேட்பது இயல்பே. எனினும் நியாயத்தை நன்றிக்கடன்மேல் நிறுத்துவது சரியன்று. அப்படி நிறுத்தினால், 2006-இல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சுட்டுக்கொல்லப்பட்ட செனகல் மாணவனுக்கு அந்நகரம் எந்தக் கடனும் பட்டிருக்கவில்லையே! மனிதன் என்பதற்கு மேல் வேறு தகுதி எதையும் அவன் காட்ட வேண்டியதில்லை.

அதே நகரத்தில், 2004 பிப்ரவரியில், தந்தையுடன் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒன்பது வயதுத் தாஜிக் சிறுமி கத்தியால் குத்திக் கொல்லப்பட்டாள். இரண்டு வருஷங்களுக்குப் பின் ஜூரிகள், பிடிபட்ட இளைஞர்களைப் போக்கிரித்தனத்துக்கு மேல் எதற்கும் பொறுப்பாளிகளாகக் காணவில்லை. இவ்வகை வழக்குகளில் இனத்துவேஷத்தை ஆராய்ந்து சாட்சி சொல்லிவந்த மானிடவியல் அறிஞர் நிக்கொலாய் கிரென்கோ, அச்சிறுமி கொல்லப்பட்ட 2004-ஆம் வருஷமே ஜூன் மாதத்தில், தம் வீட்டு வாசற்கதவின் ஊடாகவே சுடப்பட்டு இறந்தார். அவரையும் செனகல் மாணவனையும் கொன்ற கும்பலுக்கு 2011-இல் தண்டனை கிடைத்தது. அரசு மெய்யாகவே முனைந்து இத்தகைய கும்பல்களைச் சிறைக்கு அனுப்பத் தொடங்கிய அந்த ஆண்டுகளில்தான் இனவெறிக் கொலைகள் குறைந்தன. அந்நியர் அறைக்குள் ஒளிந்ததனால் அல்ல. அக்கொலைகளை ஆண்டுதோறும் எண்ணி வெளியிட்டுவந்த ‘சோவா’ மையத்தைக் கலைத்துவிடும்படி 2023-இல் மாஸ்கோ நீதிமன்றம் உத்தரவிட்டது. அது அநியாயமான உத்தரவு.