ஓடை யார் பெயரில்?

சப்ரகமுவ மலைகளுக்கு நீர்மின்சாரம் புதிதல்ல. தேசிய மின்கம்பி எட்டிப் பார்ப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இலங்கையின் பெருந்தோட்டங்களில் நூற்றுக்கணக்கான சிறு நீர்மின் அமைப்புகள் இயங்கின. மேலே ஒரு சிறு அணை, அதிலிருந்து வாய்க்கால், சரிவில் நேராக இறங்கும் இரும்புக் குழாய், அடியில் சுழலும் சக்கரம்: இவ்வளவுதான். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் கொழுந்து உருட்டும் இயந்திரம் அதனால் சுற்றியது. தோட்டத் துரையின் பங்களாவில் விளக்கும் எரிந்தது. பக்கத்திலேயே தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக் காம்பராக்களிலோ பெரும்பாலும் மண்ணெண்ணெய்க் குப்பிலாம்புதான். அந்த இருட்டுக்குக் காரணம் தொழில்நுட்பக் குறைவு என்று யாராலும் சொல்ல முடியாது. எளிய கருவிகளைக் கொடுத்தால் ஏழைச் சமூகங்கள் தம் காலில் நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுவே. கருவி ஓடிக்கொண்டிருந்த இடத்திலேயே அந்த மக்கள் ஏன் நிற்க முடியாமல் போனார்கள்?

அந்த நம்பிக்கையை இலேசாகத் தள்ளிவிடவும் கூடாது. தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா, 1934இல் தொடங்கப்பட்ட அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் மூலம் இதற்காகவே உழைத்தார். ‘சிறியதே அழகு’ என்ற நூலை 1973இல் வெளியிட்ட ஷூமாக்கர், அதில் குமரப்பாவைப் பெயர் சொல்லியே எடுத்துக்காட்டினார். ஷூமாக்கர் 1966இல் இங்கிலாந்தில் தொடங்கிய இடைநிலைத் தொழில்நுட்ப அமைப்பு இலங்கைக்கு வந்தபோது, நீர்மின்சாரத்தில் முதலில் கைவைத்தது பழுதாகிக் கிடந்த தோட்டத்துச் சக்கரங்களில்தான். அங்கே பழகிய கைத்திறன் 1990களில் மின்சாரம் இல்லாத கிராமங்களுக்குப் போனது. சப்ரகமுவவின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் சிங்களக் கிராமங்கள் பலவற்றில் மின்பாவனையாளர் சங்கங்கள் உருவாகின. ஊரார் கூலி வாங்காமல் சிரமதானமாக வாய்க்கால் வெட்டினார்கள். பிற்காலத்தில் உலக வங்கியின் கடனுதவியும் சேர்ந்துகொண்டது. இந்த ஊர்களின் சக்கரக் கொட்டகை ஒரு சின்ன அறைதான். உள்ளே பெல்டன் சக்கரத்தோடு இணைத்த சாதாரண மோட்டார், வழக்கத்துக்கு நேர்மாறாக மின்சாரத்தைத் தரும். வீடுகளில் விளக்கை அணைத்ததும் சக்கரம் கட்டுமீறிச் சுழலாதபடி, மிஞ்சும் மின்சாரத்தை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி சூடேற்றும் கம்பிக்குத் திருப்பிவிடும். ஒரு வீட்டுக்குக் கிடைப்பது சில விளக்குகளுக்கும் ஒரு தொலைக்காட்சிக்கும் போதுமான அளவு. யாராவது மின்கேத்தலைச் செருகினால் ஊரே மங்கிவிடும். ஆகவே யார் எதைப் பாவிக்கலாம், மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை ஊர் கூடித் தீர்மானித்தது. அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசும் உரிமை, கிடைத்த வெளிச்சத்தைவிடச் சிறியது என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். சில கருவிகள் கையோடு எடுத்துச் செல்லக்கூடியவை. குப்பிலாம்பு சரிந்து தீப்பற்றியவர்களுக்குச் சிகிச்சை அளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1990களின் தொடக்கத்தில் ‘சுதீப’ என்ற விளக்கை உருவாக்கினார். மார்மைட் போத்தலைப் போலக் குட்டையான, கனமான கண்ணாடி, எளிதில் சரியாது. பக்கங்கள் இரண்டும் தட்டை என்பதால் சரிந்தாலும் உருளாது. திருகி மூடும் உலோக மூடி எண்ணெயைக் கொட்டவிடாது. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ‘அனகி’ அடுப்பும் இதே இனம். சிங்களத்தில் ‘அருமையானது’ என்று பொருள்படும் பெயர். ஒரே வாயில் வைத்த விறகில் இரண்டு பானை கொதிக்கும் இந்த மண் அடுப்பு, மூன்று கல் அடுப்பைவிடக் குறைந்த விறகே தின்னும். புகைபோக்கி இல்லாத லயத்துக் குசினியில், கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிலாறைச் சுமந்து வந்து எரிக்கும் பெண்ணுக்கு அதன் அருமை தெரியும். இத்தகைய பொருட்களைக் கொடுக்க எந்த உரிமைக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தையின் மேல் தீ விழாமல் இருக்க நிலச்சீர்திருத்தம் வரட்டும் என்று சொல்வது கொடுமை.

வேறு சில கருவிகளோ மண்ணில் ஊன்ற வேண்டியவை. ஊற்றிலிருந்து லயத்துக்கு இழுக்கும் குழாய், மழைநீர்த் தொட்டி, நீர்ச்சக்கரம், காய்கறித் தோட்டத்துக்கான பாசனம் எல்லாம் இந்த வகை. ஒரு குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் பிறர் கையை எதிர்பாராமல் வாழவைப்பவை இவைதான். தோட்டத் தொழிலாளிக்கு மறுக்கப்பட்டதும் இவைதான். அவர் குடியிருக்கும் காம்பராவும், அதன் முன்னாலுள்ள இஸ்தோப்பும், பின்னால் பீலித்தண்ணீர் விழும் இடமும் தோட்டத்துக்குச் சொந்தம். ஒரு குழாயை நீட்டவும் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். உள்ளூராட்சி கைகொடுத்திருக்கலாம். ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. அந்தப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில், கோவை மாவட்டத்தின் ஓடந்துறை ஊராட்சியோ 2006இலேயே வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையைத் தன் பெயரில் நிறுவி, மின்சாரத்தை விற்றுக் கடனை அடைத்தது. எட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ இருக்கும் லயத்து மக்களுக்கு அறிவோ உழைப்போ குறைவு என்பதால் அப்படி ஒன்று நடக்காமல் போகவில்லை. சொந்தம் என்று எழுதிக்கொள்ள அவர்களுக்கு எதுவும் இருக்கவில்லை.

சிரமதானம் என்ற அழகான சொல்லும் இங்கே வேறு பொருள் கொள்கிறது. தன் வீட்டுக்கும் தன் காணிக்கும் தண்ணீர் வர வாய்க்கால் வெட்டும் கிராமத்தவர் தம் உடைமையை வளர்க்கிறார். விடியுமுன் எழுந்து ரப்பர் மரங்களில் பால்வெட்டி, பிற்பகலில் மண்வெட்டி எடுக்கும் தொழிலாளி, இன்னொருவர் காணியின் மதிப்பைக் கூலியில்லாமல் உயர்த்துகிறார். நாளை நிர்வாகம் அந்த இடத்தை வேறு தேவைக்கு எடுத்துக்கொண்டால் அவரால் எதையும் கேட்க முடியாது. தன்னிறைவு என்ற பெயரில் இதைக் கேட்பவர்கள் நல்ல மனத்தோடு கேட்கலாம், கேட்பது நியாயமாகிவிடாது.

எளிய தொழில்நுட்பம் ஏழைக்கு ஒதுக்கிய இரண்டாந்தரப் பொருள், நகரத்தவனுக்குக் கிடைக்கும் மின்சாரமும் எரிவாயுவும் ஏழைக்கும் கிடைக்கட்டும் என்று ஒரு மறுப்பு உண்டு. அதில் பெரும் உண்மை இருக்கிறது. மின்கம்பி வந்ததும் பல கிராமங்கள் தம் சக்கரங்களைக் கைவிட்டன. அதற்காக அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். இஸ்திரிப்பெட்டியும் குளிர்சாதனப்பெட்டியும் யாருக்கும் ஆடம்பரமல்ல. ஆனால் 2022 மார்ச் இறுதியில் நாடு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை இருண்டது. எரிவாயு வரிசைகள் நீண்டு, கொழும்பிலும் விறகு அடுப்பு திரும்பியது. பெரிய வலையமைப்பு வேண்டும், அது அறுந்தால் தாங்கும் சிறியதும் வேண்டும். சிறியதை ஏழைக்கும் பெரியதைப் பணக்காரருக்கும் என்று பங்கிடுவதே அநியாயம்.

இதைவிடக் கனமான மறுப்பு இன்னொன்று: தொழிலாளி தானே தண்ணீரும் வெளிச்சமும் தேடிக்கொண்டால் கம்பனிக்கும் அரசுக்கும் பொறுப்பு விட்டுப்போகும், கூலியை உயர்த்தினால் போதும். 2021இல் நாட்கூலி 1,000 ரூபாயை எட்டுவதற்கே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. கூலிப் போராட்டத்துக்கு எதுவும் மாற்றாகாது. ஆனால் உயர்ந்த கூலியாலும் வாங்க முடியாதது காலடி மண். ஏதாவது ஒன்றைத் தன்னுடையது என்று சொல்லக்கூடியவர்தான் கூலிக்காக நெடுநாள் போராடித் தாங்குவார். காணி கொடுத்தால் தோட்டம் சிதறும் என்று நிர்வாகங்கள் அஞ்சுவதுண்டு. ஊற்றைச் சுற்றிய துண்டு நிலத்தாலும் லயத்தின் பின்புறத்தாலும் எந்தத் தோட்டமும் சிதறாது. பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் 1992 முதல் நடத்திவரும் தோட்டங்களின் காணி அரசுடையது, குத்தகைக்கு விடப்பட்டது. கொடுக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது.

தெரணியகலைக்கோ காவத்தைக்கோ குழாயும் சக்கரமும் கொண்டுபோக நினைக்கும் நிறுவனங்களும், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் நம்மவர்களும், பிரதேச சபை உறுப்பினர்களும் வேலையைத் தொடங்குமுன் ஒரு கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்: ஊற்றும் குழாய் போகும் வழியும் லயத்து மக்களின் சங்கத்தின் பெயரில் எழுதப்பட்ட கடிதம். அது கிடைக்கும்வரை விளக்கையும் அடுப்பையும் கொடுத்துக்கொண்டிருங்கள். கடிதத்தைக் கேட்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.