மலைக்குப் பழைய பிக்கப் வாங்கும் தம்பிக்கு

தம்பி, முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. கொடுத்தாகிவிட்டது என்றால், வண்டி கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறுவதற்கு முன்னாலாவது படி.

உன் தேவை எனக்குத் தெரியும். மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு லாரிக்காரன் தயவுக்குக் காத்திருக்க முடியாது. கடுக்காயும் புளியும் சாமையும் கீழே இறங்கினால்தான் காசு. புது வண்டிக்குக் கட்டுப்படியாகாது. அதனால் பழைய குட்டி யானையோ தோஸ்த்தோ பொலேரோ பிக்கப்போ தேடுகிறாய். அதில் தவறே இல்லை. நான் பதறுவது அதற்கு அடுத்த நாளை நினைத்து.

வண்டி ஊருக்குள் வந்த மறுநாளே ஊர் அதில் ஏறப் பார்க்கும். சந்தைக்கு, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு, ஒரு சாவுக்கு, ஒரு வளைகாப்புக்கு, கூலி வேலைக்கு. கேட்பவர்கள் உன் சித்தியும் மாமனும். இல்லை என்று சொல்ல வாய் வராது. ஆளுக்கு இவ்வளவு என்று கையில் காசும் வரும். மாசம் பிறந்தால் டியூ கட்ட வேண்டும். சரக்கு இல்லாத நாளில் அந்தக் காசுதான் கண்ணில் படும். இப்படித்தான் சரக்கு வண்டி ஆள் வண்டி ஆகிறது. கெட்ட எண்ணத்தோடு யாரும் இதைத் தொடங்குவதில்லை. கடன்தான் தொடங்கி வைக்கிறது.

2022 ஏப்ரல் 2, யுகாதி நாள். திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலைக் கிராமத்து மக்கள் சேம்பரையில் உள்ள கோயிலுக்கு ஒரு வேனில் ஏறிப் போனார்கள். மலைப்பாதையில் வண்டி கட்டுப்பாடு இழந்து பள்ளத்தில் உருண்டது. 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். ஜவ்வாது மலையும் நம் மலை போலத்தான், தம்பி. அங்கேயும் மலையாளிப் பழங்குடி மக்கள், அங்கேயும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒடுங்கிய பாதை, அங்கேயும் பஸ் எட்டாத ஊர்கள். அந்தச் செய்தியை வேறு மாவட்டத்துச் செய்தியாக நீ படிக்கக் கூடாது.

“குட்டி யானை முக்கால் டன் தாங்குமே, பன்னிரண்டு பேர் ஏறினால் அவ்வளவு எடைகூட வராதே” என்று நீ கணக்குச் சொல்லலாம். எடைக் கணக்கு சரி. ஆனால் கிழங்கு மூட்டை தொட்டியின் தரையோடு படுத்துக் கிடக்கும். மனிதர்கள் நிற்பார்கள். பாரம் முழுவதும் மேலே போய்விடும். கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போது நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். அந்தச் சாய்வே வண்டியைக் கவிழ்க்கப் போதும். ஏற்றத்தில் கியர் விழாமல் வண்டி பின்னால் உருண்டால், பயத்தில் எல்லோரும் பின்கதவுப் பக்கம் குவிவார்கள். முன் சக்கரத்தின் பிடிமானம் குறைந்து ஸ்டியரிங் உன் சொல் கேட்காது. வண்டி புரண்டால் தொட்டியில் இருப்பவருக்குக் கூரை இல்லை, பெல்ட் இல்லை. வெளியே விழுவார்கள். வண்டி அவர்கள் மேலேயே புரளும்.

பொலேரோ கேம்பர் வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். அதில் பின் சீட்டு உண்டு என்பது உண்மைதான். ஆர்.சி.யில் எத்தனை இருக்கை எழுதியிருக்கிறதோ அத்தனை பேர் உள்ளே உட்காரலாம். பின் தொட்டியில் ஏறுகிறவருக்கு அது எந்தப் பிக்கப்பையும் போன்ற பிக்கப்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கேட்டுக்கொள். சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ சரக்கோடு போனால் இன்சூரன்ஸில் அவர்களுக்கு இடம் உண்டு. சும்மா ஏறியவர்களுக்குக் கிடையாது. ஆஷா ராணி வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதாவது, தொட்டியில் உன் அத்தை இறந்தால், அவர் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுப் பாரம் கடைசியில் உன் தலையில்தான் விழும். உன்னிடம் ஏது அவ்வளவு? நிலம் போகும். கொடுக்க எதுவுமே இல்லையென்றால், அந்தப் பிள்ளைகளுக்கு எதுவும் கிடைக்காது. இரண்டில் எது கொடுமை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆகவே வாங்கும்போதே கணக்கை மாற்றிப் போடு. கையில் உள்ள பணம் முழுவதையும் விலைக்குக் கொடுத்துவிடாதே. நாலில் ஒரு பங்கையாவது பிரேக்குக்கும் டயருக்கும் ஸ்டியரிங்குக்கும் என்று எடுத்து வை. அப்படி எடுத்து வைத்தால் எந்த வண்டி கட்டுப்படியாகுமோ அதை வாங்கு. டியூ போடும்போது கிழங்கும் கடுக்காயும் கொண்டுவரும் வாடகையை மட்டும் வரவில் எழுது. ஆள் ஏற்றிய காசை எழுதினால்தான் டியூ தேறும் என்றால், அந்த வண்டி உனக்கு வேண்டாம். ஒரு பருவம் பொறுத்து வாங்கு.

வண்டி பார்க்கப் போகும்போது வெளிப் பெயிண்ட்டைப் பார்க்காதே. அடியில் படுத்துப் பார். சேஸிஸில் வெல்டிங் வைத்த தழும்பு இருக்கிறதா, புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்து எதையாவது மறைத்திருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பார். மீன் ஏற்றிய வண்டி என்றால் இன்னும் கவனம். உப்புத் தண்ணீர் வடிந்து வடிந்து தொட்டிக்கு அடியில் துரு ஏறியிருக்கும். ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டுத் தூக்கியிருந்தால், அந்த வண்டி அளவுக்கு மீறிப் பாரம் சுமந்தது என்று அர்த்தம். பட்டை கூட்டினால் பாரம் தாங்கும். பிரேக் அதே பழைய பிரேக்தான். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பர் மலைச் சூட்டில் வெடிக்கும்.

பிரேக்கை மட்டும் நீயே சோதி, யார் வார்த்தையையும் நம்பாதே. இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து தடவை மிதி. கடைசி மிதியில் காலை எடுக்காமல் இன்ஜினைப் போடு. பெடல் லேசாக உள்ளே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டர் வேலை செய்யவில்லை. பிறகு இன்ஜின் ஓடும்போதே பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடி. கால் மெதுவாகத் தரையைப் பார்த்துப் போனால் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. சக்கரத்தைக் கழற்றி டிரம்முக்குள் லைனிங் எவ்வளவு மிச்சம், ஆயில் கசிவு உண்டா என்று பார்க்கச் சொல். பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில், நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது கொதித்து ஆவியாகும். அந்த நேரத்தில் பெடல் வெறுமனே உள்ளே போகும். ஹேண்ட் பிரேக்கைச் சமதரையில் பார்க்காதே, ஏற்றத்தில் நிறுத்திப் பார். முடிந்தால் பாரம் ஏற்றி மலையடிவாரத்தில் ஓட்டிப் பார்க்கக் கேள். விற்கிறவர் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடு.

இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிற பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. இன்ஜினையே அணைத்து விடுகிறவர்களும் உண்டு. வேண்டாம். இன்ஜின் நின்றால் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்காது, பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும். கார் லைசென்ஸ் போதுமே என்று நீ சொல்வாய். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு அது போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. ஆனால் கரியாலூர் வளைவில் பாரத்தோடு இறங்க லைசென்ஸ் கற்றுக்கொடுக்காது. மலையில் வருஷக்கணக்காக ஓட்டிய ஓர் அண்ணன் பக்கத்தில் உட்காராமல் முதல் சில நடை போகாதே.

இப்போது விற்கிற அண்ணன்மாரிடமும் புரோக்கர்களிடமும் ஒரு வார்த்தை. மீட்டரைப் பின்னுக்குத் தள்ளாதீர்கள். கெட்டி ஆயில் ஊற்றிப் புகையை மறைக்காதீர்கள். வாங்குகிறவன் வெள்ளிமலைக்காரன், இன்னாட்டுக்காரன் என்று தெரிந்தும் செத்த பிரேக்கோடு சாவியைக் கையில் கொடுப்பது பாவம். 29, 30 ஃபாரத்தில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமல் நாலு கை மாற்றுகிற வழக்கத்தையும் விடுங்கள். உள்ளூர் ஆர்.டி.ஓ. எல்லைக்குள் என்றாலும் வெளி மாவட்டம் என்றாலும், விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர், விபத்துக்கு அவரே பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்த மாவட்டம் இது. உங்கள் பெயரில் ஓடுகிற வண்டி நாளை எதை ஏற்றும் என்று உங்களுக்குத் தெரியுமா?

தம்பி, மதுவிலக்கு வழக்குகளில் பிடித்த வண்டிகள் ஏலத்துக்கு வரும். விலை குறைவு என்று ஆசைப்படுகிறவர்கள், அவை எத்தனை காலம் வெயிலிலும் மழையிலும் நின்றன என்று விசாரிக்க வேண்டும். நின்ற வண்டியில் முதலில் பாழாவது பிரேக் ஹோஸும் டயரும். கேஸ் முடிந்த காகிதம், எஃப்.சி., பழைய கடன் தீர்ந்ததற்கான 35-ஆம் ஃபாரம் எல்லாம் கைக்கு வந்த பிறகே பணம். எட்டு வயசு தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. வருஷா வருஷம், அதற்கும் காசு ஒதுக்கு.

மேகம் அருவி பார்க்க வருகிற நகரத்துப் பிள்ளைகளுக்கும் இந்த எடைக் கணக்கு பொருந்தும். பழைய பிக்கப்பின் தொட்டியில் படுக்கையும் அடுப்பும் வைத்த கூண்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மலை ஏறும் ஆசை பரவி வருகிறது. கூண்டின் எடையோடு தண்ணீர், சிலிண்டர், ஆட்கள் எல்லாம் சேர்த்து வண்டியின் அனுமதித்த எடைக்குள் நிற்க வேண்டும். ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை போடுகிறது; ஆர்.டி.ஓ.விடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வண்டி ஓடும்போது கூண்டுக்குள் யாரும் படுத்திருக்கவே கூடாது.

“அண்ணா, பஸ் இல்லாத ஊரில் மக்கள் எதில் போவார்கள்?” என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. ஜாகிர்தார்கள் கையிலிருந்து இந்த மலையை அரசு எடுத்துக்கொண்டதே 1976-இல்தான். சாராயச் சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றி வழக்கு எடுத்தது. பாதை குறைவு, பஸ் குறைவு. மக்கள் வேறு வழியின்றித்தான் தொட்டியில் ஏறுகிறார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. ஆனால் அரசு செய்யாததை உன் பிரேக்கின் தலையில் சுமத்தவும் கூடாது.

ஆள் ஏற்றித்தான் பிழைக்க வேண்டும் என்றால், சரக்கு வண்டி வாங்காதே. ஆள் ஏற்றப் பதிவான பழைய மேக்சி கேப் வாங்கு; டிரைவர் போக 12 பேர் வரை அதில் போகலாம், முறையான பெர்மிட்டும் இன்சூரன்ஸும் உண்டு. சம்பாத்தியம் மெதுவாக வரும், வரட்டும். பிரசவ வலி, பாம்புக்கடி என்றால் முதலில் 108-க்கு அடி. அது வரத் தாமதமானால் நோயாளியை முன் சீட்டில் வைத்துக் கொண்டுபோ. அதைத் தவறென்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்போதும் தொட்டியில் ஊரையே ஏற்றிக்கொண்டு போகாதே.

பஸ்ஸைக் கேட்டு வாங்கவும் வழி உண்டு. 1997-இல் தொடங்கிய மினி பஸ் திட்டத்தை 2025-இல் அரசு விரிவாக்கியது. உன் ஊரிலிருந்து வெள்ளிமலைக்கோ கச்சிராயபாளையத்துக்கோ தடம் கேட்டுத் தீர்மானம் போட, வருஷத்தில் ஆறு கிராம சபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எந்த ஊரிலிருந்து எத்தனை பேர், எந்த நேரத்தில் கீழே இறங்குகிறார்கள் என்பது வண்டி ஓட்டுகிற உனக்குத்தான் துல்லியமாகத் தெரியும். அதை ஒரு தாளில் எழுதி, உன் பெயர் போட்டு, அடுத்த கிராம சபையில் தலைவர் கையில் கொடு. நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடமும் கொடு.