ஆளோலையும் இசைவோலையும்

சைவ நன்மக்கள் யாவரும் அறிந்த வழக்கு ஒன்று உண்டு. புத்தூர் மணப்பந்தரின்கண் நம்பியாரூரரைத் தடுத்த முதிய வேதியர், இவர் தமக்கு அடிமை எனச் சாதித்து, அதற்குச் சான்றாக ஓர் ஓலையைக் காட்டினார். நம்பிகள் அதனைப் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியோலையே என்றும், மூலவோலை தம்பால் உளதென்றும் வேதியர் கூற, வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவையத்துக்குச் சென்றது. அவையத்தார் மூலவோலையை வாங்கி, அதன்கண் இருந்த பாட்டனார் கைச்சாத்தினை அவர் எழுதிய பிறிதோர் எழுத்தோடு ஒப்புநோக்கி, நம்பிகள் தோற்றார் எனத் துணிந்தனர். தாமும் தம் மரபினரும் அடிமை செய்வதாகப் பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலை அது.

இவ்வரலாற்றைப் பலகாலும் ஓதியும் கேட்டும் வந்த எனக்கு, இதன்கண் அடங்கிய நியாயம் ஒன்று அண்மையிலேதான் உறுத்தலாயிற்று. தான் கைச்சாத்திடாத ஓலை ஒருவனைப் பிணிக்குமோ? பிணிக்கும் எனின், எக்காரணத்தாற் பிணிக்கும்? இவ்வினாவை என்னுள் எழுப்பியது பழைய ஓலை அன்று. கைபேசியிற் செயலி ஒன்றை முதன்முதல் திறக்குங்கால் எதிரே தோன்றி, 'ஏற்கிறேன்' என்னும் ஒரு சொல்லின்மேல் விரல் வைக்குமாறு கேட்கின்ற தனியுரிமைக் கொள்கை என்னும் புதிய ஓலையே அதனை எழுப்பிற்று.

அவ்வோலை கூறுவது யாதெனிற் கூறுவாம். பயன்படுத்துவார் பெயர், தொலைபேசி எண், அவர் இருக்கும் இடம், எந்நேரத்தில் எதனைப் பார்த்தார், எதன்மேல் எவ்வளவு பொழுது தங்கினார், யாவரோடு அளவளாவினார் என்னும் இவற்றையெல்லாம் திரட்டுவோம், விளம்பரத்தின்பொருட்டுப் பயன்கொள்வோம், எம்மோடு இயைந்த பிறரோடும் பகிர்ந்துகொள்வோம் என்பதே இத்தகைய கொள்கைகள் பெரும்பாலனவற்றின் சாரம். செயலியை விலையின்றி வழங்கும் வணிகர்க்கு ஊதியம் வரும் வாயிலும் அதுவே. ஆயின் அதனை ஓதுவார் மிகச் சிலர். அமெரிக்க நாட்டுக் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இருவர் 2008-ஆம் ஆண்டிற் கணக்கிட்டனர். ஒருவர் ஓராண்டிற் காணும் இணையத்தளங்களின் கொள்கைகளையெல்லாம் ஒருமுறை ஓதுதற்கு 200 மணி நேரத்துக்கு மேல் வேண்டும் என்பது அவர் கண்ட முடிபு. சிவஞானபோதச் சூத்திரம் பன்னிரண்டுக்கும் சிற்றுரையோடு பாடங் கேட்பார்க்கும் அத்துணை நேரம் வேண்டுமோ என்பது ஐயமே!

ஓதாமல் விரல் வைத்தல் இசைவு ஆகுமா? உயிரின்கண் இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்றும் கூடி நிகழுங்கால் அன்றோ ஒரு செயல் அவ்வுயிரின் செயல் என முழுமையாகச் சொல்லப்படும்? ஈண்டு இச்சை உண்டு. உற்றாரோடு உரையாட வேண்டும் என்னும் விழைவு அது. கிரியையும் உண்டு, விரல் அசைந்தது. நடுவில் நிற்கவேண்டிய ஞானம் இல்லை. ஆதலின் அது இசைவின் உருவம் மாத்திரமேயன்றி இசைவு அன்று என்பது என் துணிபு. இனி, அறியாது செய்தமையின் வினையின் பயன் வாராது என்று மகிழ்தற்கும் இடமில்லை. அபுத்திபூர்வமாகச் செய்த வினைக்கும் பயன் உண்டென்பது நூல் முடிபு. இசைவு என்னும் அறத்துக்கு அறிவு வேண்டும். இசைவால் விளையும் கேட்டுக்கு அறிவு வேண்டுவதில்லை. இக்காலத்து ஓலை எழுதுவார் இவ்வேறுபாட்டினை நன்கு உணர்ந்தே தம் தொழிலை நடத்துகின்றனர் போலும்.

இதுகாறும் கூறியது ஒருவன் தன்னைத்தான் எழுதிக்கொடுத்தல் பற்றியது. இதனினும் கொடியது, பிறரை எழுதிக்கொடுத்தல். அதற்கு உலகறிந்த சான்று ஒன்று காட்டுவாம். 2013-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் அலெக்சாந்தர் கோகன் என்பார், பேஸ்புக்கில் இயங்குவதாய், மக்களின் மனவியல்பினை ஆராயும் வினாக்கள் கொண்ட செயலி ஒன்றை அமைத்தார். அதனை ஏற்றுக்கொண்டோர் ஏறத்தாழ 2,70,000 பேர். அக்காலத்துப் பேஸ்புக் விதிகளின்படி, ஏற்றவருடைய செய்திகளோடு அவர்தம் நண்பர்களுடைய செய்திகளும் அச்செயலிக்குக் கிடைப்பனவாயின. அவ்வாறு பெற்றவை தேர்தற் பணி செய்யும் கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா என்னும் நிறுவனத்தின் கையிற் சென்று சேர்ந்தன. 2018 மார்ச்சில் இச்செய்தி வெளியாயிற்று. அடுத்த திங்களில், இவ்வாறு செய்திகள் சென்றிருக்கக்கூடியோர் 8.7 கோடிப் பேர் வரை ஆவர் எனப் பேஸ்புக் நிறுவனமே ஒப்புக்கொண்டது. நம் பாரத நாட்டுக் கணக்கினையும் அப்போது கூறினர். ஈண்டுச் செயலியை ஏற்றவர் 335 பேர். அதனாற் செய்தி சென்றிருக்கக்கூடியோர் 5,62,455 பேர்.

அன்பர்கள் இவ்விரண்டு எண்களையும் ஒருகால் நிறுத்தி நோக்குவாராக. முந்நூற்று முப்பத்தைவர் விரல் வைத்தனர். ஐந்து இலக்கத்துக்கு மேற்பட்டோர் எழுதிக்கொடுக்கப்பட்டனர். அவருள் எவரும் தம்மைப் பற்றி ஓலை எழுதப்படுவதனை அறியார். அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2019 சூலையிற் பேஸ்புக் நிறுவனத்துக்கு 500 கோடி டாலர் தண்டம் விதித்தது. 2021 செப்டம்பரில் அயர்லாந்து நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் வாட்ஸ்அப் நிறுவனத்துக்கு விதித்த தண்டம் 22.5 கோடி யூரோ. பயன்படுத்துவார்க்கேயன்றி, அச்செயலியைப் பயன்படுத்தாதிருந்தும் பிறருடைய முகவரிப் பட்டியல் வழியாக எண் சென்ற அயலார்க்கும் செய்தி தெளிவாக அறிவிக்கப்படவில்லை என்பது ஆங்குக் கண்ட குற்றங்களுள் ஒன்று. தண்டம் அரசின் கருவூலத்துக்கு உரியது. சென்ற செய்தி உடையவரிடம் திரும்பவில்லை.

இனி வெண்ணெய்நல்லூர் வழக்குக்கு மீள்வாம். பாட்டன் எழுதியது பேரனைப் பிணித்தது ஆண்டு முறையாயின், நண்பன் இசைந்தது நண்பனைப் பிணித்தல் ஈண்டும் முறையாகாதோ என ஒருவர் வினவலாம். ஆகாது. என்னை? உயிர்கள் அநாதியே இறைவனுக்கு அடிமை. அவ்வடிமையை ஓலை உண்டாக்கவில்லை. மறந்திருந்த ஒன்றை நினைப்பித்தது. உடையவன் தன் உடைமையைக் காட்டி மீட்டனன். பாட்டனார் கைச்சாத்து இல்லையாயினும் நம்பிகள் அவனுக்கு அடிமையே அன்றோ? வணிகனுடைய ஓலையோ, முன் இல்லாத உடைமையைக் கைச்சாத்தின் வலியொன்றால் உண்டாக்க முயல்வது. அதற்குக் கைச்சாத்தே முழு ஆதாரம் ஆதலின், கைச்சாத்திடாதாரை அது எவ்வாற்றானும் பிணிக்கமாட்டாது. மேலும், ஆண்டு ஓலை காட்டியவன் அதனாற் பெற்ற ஊதியம் யாது? ஒன்றுமில்லை. பெற்றவர் நம்பிகளே. ஈண்டு ஊதியம் யார்க்கு என்பது சொல்லவேண்டா.

படியோலை கிழிந்தும் மூலவோலை எஞ்சியதனையும் ஈண்டு நினைக்க. கோகன் வழியாகப் பெற்றவற்றை அழிக்குமாறு பேஸ்புக் நிறுவனத்தார் கேட்க, அழித்துவிட்டோம் என்று கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்காவினர் உறுதி கூறினர். முற்றும் அழியவில்லை என்பது 2018-இற் செய்தித்தாள்களில் வெளியாயிற்று. நாம் நம் கைபேசியினின்று ஒரு செயலியை நீக்குதல் படியோலையைக் கிழிப்பதனோடு ஒக்கும்.

இவ்விடத்துச் சித்தாந்தம் பயின்ற அன்பர் ஒருவர் எழுப்பிய தடை எளிதில் தள்ளற்பாலதன்று. 'தனு கரண புவன போகங்கள் யாவும் மாயேயம். யான் எனது என்னும் செருக்கு அறுதலே நாம் வேண்டுவது. அங்ஙனமாக, என் செய்தி, என் எண், என் இரகசியம் என்று காவல் புரிதல் எனது என்னும் பற்றினை வளர்ப்பதன்றோ?' என்றார் அவர். சில நாள் இதற்கு விடை தோன்றாது வருந்தினேன். பின்னர்த் தோன்றியது இது. கருவி கரணங்கள் நம்முடையன அல்ல என்பது மெய்யே. ஆயின் அவை வணிகனுடையனவும் அல்ல. உயிர் மலப்பிணிப்பினின்று நீங்குதற்பொருட்டு இறைவன் இரவலாக அளித்தவை அவை. இரவற் பொருளை உடையவனிடம் ஒப்புவித்தல் துறவு. அதனை வழிப்போக்கன் கொண்டேகப் பார்த்திருத்தல் துறவு அன்று. கோயில் மணியக்காரர் ஒருவர், 'இந்நகை என்னுடையது அன்றே' என்று கள்வனுக்கு வழிவிட்டாராயின், அவரைப் பற்றற்றார் என்று போற்றுவார் உளரோ? அன்றியும், எனது என்பதனை விடலாம். பிறனுடையதனை நாம் விட்டுக்கொடுத்தல் எவ்வாறு பற்றறுத்தல் ஆகும்?

பிறர் கூறும் தடை மற்றொன்று. குற்றமற்றார்க்கு மறைக்கத்தக்கது யாதுளது? எல்லாம் அறியும் இறைவன் முன்னர் வாழ்வார்க்கு, வேறொருவர் அறிதலால் வரும் இழிவு என்னை? இதனை நான் பல கூட்டங்களிற் கேட்டுள்ளேன். பெருமிதத்தோடு கூறுவார் இதனை. இறைவனுக்குரிய எண்குணங்களுள் முற்றும் உணர்தலும் உண்டு, பேரருளுடைமையும் உண்டு. இவ்விரண்டும் ஒருங்கு நிற்றலினாலேயே அவன் அறிவு நமக்கு அச்சம் தராது அடைக்கலம் ஆகின்றது. பேரருளினின்று பிரித்த பேரறிவு ஒருவன் கையில் இருக்குமாயின் அது யாதாகும்? அன்றியும் ஐந்தொழிலுள் மறைத்தலும் ஒன்று, அதுவும் அருளே என்பது நம் ஆசிரியர்கள் துணிபு. சஞ்சிதமாய்க் கிடக்கும் எண்ணிறந்த வினைகளை உயிரின்முன் விரித்துக் காட்டாது மறைத்தே நுகர்விக்கின்றான். முற்பிறப்பின் கணக்கெல்லாம் நம் கண்முன் நின்றால் ஒருநாளேனும் வாழ ஒண்ணுமோ? மறப்பும் மறைப்பும் உயிர்க்கு இத்துணை இன்றியமையாதனவாக, ஒருவன் பத்தாண்டுக்கு முன் நள்ளிரவில் மயங்கித் தேடிய ஒரு சொல்லையும் மறவாது கணக்கில் வைத்து, அதற்கேற்ப விளம்பரம் காட்டும் பொறி, ஐந்தொழிலுள் ஒன்றனைத் தானும் அருளோடு செய்யமாட்டாதது. உயிரோ சார்ந்ததன் வண்ணம் ஆவது. நம் ஆசையின் வடிவை அளந்து அதனையே மீளமீள நம்முன் வைப்பார் கையில் நம் சார்பினைத் தேரும் உரிமை மெல்லக் கைம்மாறுகின்றது என்பதும் அறியத்தக்கது.

2017 ஆகத்து 24-ஆம் நாள் நம் நாட்டு உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மர் ஒருமுகமாகத் தனியுரிமை அடிப்படை உரிமையே எனத் தீர்ப்புரைத்தனர். 2023-இல் இயற்றப்பெற்ற சட்டமும், இசைவு என்பது வற்புறுத்தலின்றி அறிந்து அளிக்கப்படுவதாதல் வேண்டும் என்றும், அதற்கான அறிவிப்பினை ஆங்கிலத்திலேனும் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிற் கண்ட மொழிகளிலேனும் படிக்க வாய்ப்பளித்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. தமிழும் அவற்றுள் ஒன்று ஆதலின் மகிழ்ச்சியே. ஓலையைத் தமிழில் தருவிக்கச் சட்டம் வல்லது. ஓதுவிக்க வல்லது அன்று.

வணிகரை நோவது எளிது. நம் சபைகளிலும் கழகங்களிலும் நிகழ்வது யாது? தீக்கை பெற்றார் பெயரும் எண்ணும் எழுதிய பட்டியல் ஒருவர் கைபேசியினின்று மற்றொருவர்க்குத் தங்குதடையின்றிச் செல்கின்றது. குழுக்களில் அன்பர்களை அவரைக் கேளாமலே சேர்த்துவிடுகின்றோம். அருச்சனைக்கு என்று நட்சத்திரமும் குடும்பத்தார் பெயரும் சொல்லிச் செல்லும் அடியவர், அவை நன்கொடை வேண்டும் மடல்களுக்கு முகவரியாகும் என்று கருதிச் சொன்னாரா? குருவின் செவியறிவுறுத்தலை மறை என்று போற்றும் மரபினர், தீக்கைச் சடங்கின் படத்தை அன்று மாலையே ஊரறியப் பரப்புகின்றனர். மாணாக்கன் அழுத முகமும் அதனுள் உண்டு.

யானும் இதற்குப் புறம்பானவன் அல்லேன். என் இளமையில் எனக்குச் சித்தாந்த நூல்களைப் பாடஞ் சொன்ன பெரியார் ஒருவர் முதுமையில் தனித்து வாழ்கின்றார். அவர் தம் எண்ணை எனக்குத் தந்தபோது, ஒருவர்க்கும் கொடுத்தல் வேண்டா என்று கூறியே தந்தார். அதனை என் கைபேசியில் எழுதி வைத்தேன். சின்னாள் கழித்துச் செயலி ஒன்று என் முகவரிப் பட்டியலைக் காண இசைவு கேட்டது. ஓதாது விரல் வைத்தேன். யான் செய்தது இன்னதென்று உணர எனக்கு ஓராண்டு சென்றது.

நேரிற் சென்று சொல்லுதலே முறை எனக் கருதிச் சென்ற மாதம் அவரைக் கண்டேன். வணங்கி, 'ஐயா, தாங்கள் வேண்டா என்றதனைச் செய்துவிட்டேன்' என்று நிகழ்ந்தவாறே கூறினேன். சினப்பார் என எண்ணினேன், சினந்திலர். 'தம்பி, என் எண் மட்டுமா, அதில் உள்ளார் எண் எல்லாமா?' என்றார். 'எல்லாமும்தான்' என்றேன். 'எத்தனை பேர்?' என்று வினவினார். எண்ணிப் பார்த்ததில்லை. அவர் முன்னிலையிலேயே கைபேசியை எடுத்து நோக்கினேன், நானூற்றுப் பதினொருவர். 'எனக்குச் சொல்லிவிட்டாய், எஞ்சியவர்க்கு எப்போது சொல்லப்போகிறாய்?' என்றார். இதுவரை முப்பத்திருவர்க்குச் சொல்லியுள்ளேன்.